லகாட் சம்பந்தி

என் தங்கை நவமணி சீனப் பிள்ளை. இதைக் கண்டுபிடிக்க யாருக்கும் மூளை தேவையில்லை, கண் போதும். ஈப்போவில் எங்கள் புந்தோங் மார்க்கெட்டில் மீன்காரன் அவளிடம் கான்டனீஸில்தான் விலை சொல்வான். "தமிழ்ல சொல்லுங்கண்ணே, ஒண்ணும் புரியல லா" என்பாள் இவள். அவன் திருதிருவென்று முழிப்பான். ஊரே அறிந்த சங்கதி. அறியாத மாதிரி இருந்தது எங்கள் அம்மா கருப்பம்மாள் ஒருத்திதான்.

ஊருக்கு முன்னால் அப்படி இருந்துவிட்டுப் போகட்டும். எண்பத்தெட்டாம் வருஷம், தங்கை உயிர் போகிற நேரத்தில், கோலாலம்பூர் டாக்டர் எதிரிலும் அப்படியே இருந்தாளே, அதை நினைத்தால் எனக்கு இன்னமும் பற்றிக்கொண்டு வருகிறது.

நவமணிக்கு அப்போது பத்தொன்பது வயது. ஈப்போவில் சட்டை தைக்கும் ஃபேக்டரியில் வேலை. முதலில் பல் விளக்கினால் ரத்தம் வந்தது. அப்புறம் தொட்ட இடமெல்லாம் நீலமாய்க் கன்றியது. தீபாவளிக்கு முன்னால் ஆரம்பித்த காய்ச்சல் தீபாவளி முடிந்தும் விடவில்லை. அம்மா மாரியம்மனுக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்தாள், நான் பனடோல் வாங்கிக் கொடுத்தேன். இரண்டும் கேட்கவில்லை. ரத்தப் புற்று என்று ஈப்போ ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். மருந்து ஏற்றினார்கள், முடி கொட்டியது, கொஞ்ச நாள் தெம்பாக இருந்தாள், மறுபடி வந்துவிட்டது. இனி எங்களால் ஆகாது, கோலாலம்பூர் போய்ப் பாருங்கள் என்றார்கள்.

கோலாலம்பூர் டாக்டர் மலாய்க்கார அம்மா, பொறுமைசாலி. "சும்சும்" என்றார். எலும்புக்குள் இருக்கிற மஜ்ஜையை மலாயில் அப்படித்தான் சொல்வார்கள். ஆட்டுக்கால் சூப்பில் தட்டி உறிஞ்சுவோமே, அது. நவமணியின் மஜ்ஜை கெட்டுப்போய்விட்டது, அதை அழித்துவிட்டு இன்னொருவருடையதை ஏற்ற வேண்டும், கண்டவர்களுடையது சேராது, கூடப்பிறந்தவர்களுடையதுதான் சேர வாய்ப்பு என்றார். இந்த வைத்தியமே நம் நாட்டுக்குப் புதுசு என்றும் சொன்னார். அம்மா உடனே என்னையும் மாரியம்மா அக்காவையும் முன்னால் தள்ளிவிட்டாள்.

நவமணி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அவள் வளர்க்க வந்த பிள்ளை என்ற பேச்சை அவள் காதுபட எங்கள் வீட்டில் எடுத்ததே இல்லை. அதனால் அம்மாவைத் தனியாக வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"யம்மா, நாங்க எப்படிம்மா பொருந்துவோம்?"

"ஏன் பொருந்தாது? அவளும் என் பாலத்தானே குடிச்சா. நீ குடிச்ச அதே பால். பால்தான்டா ரத்தமாவுது."

"டாக்டர்கிட்ட ஒரு வார்த்த சொல்லிடலாம்மா."

"சொல்லி? அது அவ காதுல விழணும், அதானே? வாய மூடிக்கிட்டுக் கைய நீட்டு."

நீட்டினேன். உண்மையைச் சொன்னால் எனக்கும் அதில் பாதி நம்பிக்கை இருந்தது. அம்மாவுக்குப் பிறந்து செத்த பிள்ளையின் பால் நெஞ்சில் கட்டியிருந்த நேரத்தில் வந்தவள் நவமணி. மூன்று வயது வரைக்கும் குடித்தாள். அவ்வளவு பாலும் எங்கேதான் போயிருக்கும்? டயர் கடையில் வேலை செய்கிறவன் நான், என்னைக் கேட்டால்?

மூன்று பேரும் ரத்தம் கொடுத்துவிட்டு ஈப்போ திரும்பினோம். காத்திருந்தோம். அந்தக் காத்திருப்பில் நவமணி ஒரு சுற்று இளைத்துப்போனாள். முடிவு வந்துவிட்டது என்று கூப்பிட்டதும் மறுபடியும் எல்லாரும் பஸ் ஏறிப் போனோம்.

டாக்டர் தாளைப் பார்த்தார், நவமணியைப் பார்த்தார், அப்புறம் கறுத்த எங்கள் மூன்று முகத்தையும் பார்த்தார். "ஒன்றுமே சேரவில்லை. பெற்ற தாய்க்குப் பாதியாவது சேர வேண்டும், அதுவும் இல்லை. அம்மா, கோபப்படாதீர்கள். இவள் நீங்கள் பெற்ற பிள்ளைதானா?"

"சாயா பூஞா அனாக்" என்றாள் அம்மா. என் பிள்ளை. அடிவயிற்றைத் தொட்டு வேறு காட்டினாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் நவமணி திறந்துவிட்டாள். "டாக்டர், நான் சீனப் பிள்ளை. எங்க வீட்டுல கண்ணாடி இருக்கு" என்று மலாயில் சொன்னாள். பிறகு அம்மா பக்கம் திரும்பினாள். "எல்லாம் சின்னதிலேயே தெரியும்மா. நீ மனசு கஷ்டப்படுவேன்னுதான் நான் கேக்கல. இப்ப எனக்கு நேரம் இல்ல லா."

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பெற்றவர்களைத் தேடுங்கள், சீக்கிரம் தேடுங்கள் என்றார். எங்களை அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

திரும்பும் பஸ் தாப்பாவில் தேத்தண்ணிக்கு நின்றது. நவமணிக்கு இறங்கச் சக்தியில்லை. அக்கா மடியில் தலை வைத்துப் படுத்துக்கொண்டாள். நானும் அம்மாவும் கடையில் உட்கார்ந்தோம். அம்மா கோப்பையைத் தொடவே இல்லை.

"யாரும்மா அவங்க? எங்க இருக்காங்க? இப்பவாச்சும் சொல்லு."

சொன்னாள். கோப்பேங் பக்கத்தில் நாங்கள் இருந்த ரப்பர் தோட்டத்து எல்லையில் ஒரு சீனன் காய்கறி போட்டிருந்தான். அவன் பெண்டாட்டிக்கு ஒரு பெண் பிறந்தது. இந்தப் பிள்ளையின் பிறந்த நேரம் அப்பனுக்கு ஆகாது, வீட்டில் வைத்தால் அவன் தங்க மாட்டான் என்று குறிகாரன் சொல்லிவிட்டான். எங்கள் அம்மா பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டுப் பாலைப் பீய்ச்சிச் சுவரில் ஊற்றிக்கொண்டிருந்த வாரம் அது. சீனத்தி பிள்ளையைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்து கையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். இதுவரைக்கும் எனக்கும் தெரியும்.

"ஆனா அவ வந்துக்கிட்டே இருந்தாடா. மாசா மாசம் தண்ணித் தொட்டிகிட்ட வந்து நிப்பா. ஒண்ணும் கேக்க மாட்டா, சும்மா பாப்பா. இவ நடக்க ஆரம்பிச்சதும் பிஸ்கட்டு குடுத்தா. இவளும் அவளக் கண்டா ஓடுனா. எனக்கு ஈரக்கொல நடுங்கும். அப்புறம் தோட்டத்தத் துண்டு போட்டு வித்தானுங்கல்ல, நாம புந்தோங்குக்கு வந்தோம்ல, அப்ப வாட்ச்மேன் அப்பாவு அண்ணன்கிட்ட சொல்லிட்டு வந்தேன். அவ வந்து கேட்டா, பிள்ள காய்ச்சல்ல போயிடுச்சுன்னு சொல்லிடுங்கன்னு."

கோப்பையைக் கீழே வைத்தேன். "அடிப்பாவி! உயிரோட இருக்கிற பிள்ளையவா?"

"பெத்தவ திருப்பிக் கேட்டா நான் என்னா சொல்லிக் குடுக்காம இருப்பேன்? எனக்கு வேற வழி தெரியல சீனி."

பஸ்காரன் ஹாரன் அடித்தான். ஏறிக்கொண்டோம். தாப்பாவிலிருந்து ஈப்போ வரைக்கும் அம்மாவிடம் நான் பேசவில்லை. பேசியிருந்தால் என்ன பேசியிருப்பேன் என்று எனக்கே பயமாக இருந்தது.

ஆளைத் தேடுவது நினைத்ததைவிடச் சுலபமாகத்தான் இருந்தது. எங்கள் கடைக்கு டயர் மாற்ற வராத லாரிக்காரன் பேராக் மாநிலத்திலேயே கிடையாது. கோப்பேங்கில் காய்கறி போட்டுப் பிறகு இடம் மாறிய குடும்பம் என்று வருகிறவன் போகிறவன் எல்லாரிடமும் சொல்லி வைத்தேன். ஒருவன், அது ஆ கியோங் வீடாக இருக்கும், பூசிங்கில் இருக்கிறார்கள், அவனும் லாரிதான் ஓட்டுகிறான், அப்பன் போய்ச் சேர்ந்து ரொம்ப நாளாச்சு என்றான். ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன்.

வாசலில் ஒரு பெண்பிள்ளை கங்கோங் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். குனிந்த தலையை நிமிர்த்தினாள். எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நவமணிக்கு வயதானால் அப்படித்தான் இருப்பாள். அவளும் அம்மாவை உடனே அடையாளம் கண்டுகொண்டாள். அம்மா கையைக் கூப்பியபடி நின்றாள், நான்தான் கான்டனீஸில் சொன்னேன். பிள்ளை சாகவில்லை. பொய் சொன்னோம். இப்போது சாகக் கிடக்கிறாள்.

பூசிங் அம்மா அழவில்லை. எங்களை உள்ளே விட்டு வாசல் கிரில்லை இழுத்துச் சாத்தினாள். எப்போதிருந்து நோவு என்று கேட்டாள். போன தீபாவளிக்கு முன்னால் என்றேன். அவள் முகம் வெளுத்துப்போய்விட்டது. மகன் ஆ கியோங்கைக் கூப்பிட்டாள். அவன் ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்து வந்தான்.

"நாங்கள் அவளுக்குக் கல்யாணம் செய்து வைத்துவிட்டோம்" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. திருப்பிக் கேட்டேன். அவள் பொறுமையாகச் சொன்னாள். ஆ கியோங் லாரி இரண்டு தடவை கவிழ்ந்தது. இரண்டாவது தடவை கால் முறிந்தது. கோயிலில் சாமியாடியிடம் கேட்டதற்கு, உன் செத்துப்போன பெண் கல்யாண வயதுக்கு வந்துவிட்டாள், அவளுக்கு ஒரு வீடு வாசல் நீ அமைத்துத் தரவில்லை, அதனால்தான் அண்ணன் காலைப் பிடித்து இழுக்கிறாள் என்று சாமி சொல்லிவிட்டது. பக்கத்து ஊர் லகாட்டில் ஒரு பையன், ஈயம் தோண்டிய குட்டையில் விழுந்து செத்துப்போனவன். அவன் வீட்டிலும் பெண் தேடிக்கொண்டிருந்தார்கள். போன வருஷம், தீபாவளிக்கு முன்னால் வருகிற சீனர்களுடைய பேய் மாசம் முடிந்த கையோடு இரண்டு பேருக்கும் கல்யாணம். காகிதத்தில் துணிமணி, காகிதத்தில் கட்டில், காகிதத்தில் வீடு, எல்லாம் கொளுத்தி அங்கே அனுப்புவதற்கு. இரண்டு மேசை போட்டு விருந்து. பெண்ணுக்குப் பேர் வைத்திருக்கவில்லை என்பதால் யோக் மெய் என்று ஒரு பேரும் வைத்து அனுப்பி வைத்தார்கள். அதற்குப் பிறகு ஆ கியோங் லாரிக்கு ஒரு கீறல்கூட இல்லை.

நான் இதை அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். எப்படிச் சொன்னேனோ தெரியாது. அம்மா நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"அந்த லகாட் பையன்தான் கூப்பிடுகிறான்" என்றாள் பூசிங் அம்மா. "கட்டிக்கொடுத்துவிட்டு அனுப்பாமல் வைத்திருந்தால் கூப்பிடத்தானே செய்வான். என் மகன் எலும்பைக் கொடுத்து அவளைப் பிடித்து நிறுத்தினால், அவளுக்குப் பதிலாக இவனைத்தான் இழுப்பான். நான் மாட்டேன். என்னை மன்னித்துவிடு. நான் மாட்டேன்."

ஆ கியோங் தலையைக் குனிந்துகொண்டான். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த மேசையைப் புரட்டிப் போட்டிருப்பேன். ஆனால் யாரைத் திட்டுவது? செத்துப்போச்சு என்று சொன்னது நாங்கள். செத்த பிள்ளைக்கு ஒரு தாய் என்ன செய்வாளோ அதை அவள் செய்தாள். வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தோம்.

ஈப்போ ஆஸ்பத்திரிக்குப் போனபோது நவமணி கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து பிளம் ஊறுகாயைச் சப்பிக்கொண்டிருந்தாள். வாய் முழுக்கப் புண், ஆனாலும் அதுதான் வேண்டும் அவளுக்கு. எதையும் மறைக்கிற தெம்பு எனக்கு இல்லை. எல்லாவற்றையும் சொன்னேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"எனக்குக் கல்யாணம் ஆயிடுச்சா? அடக் கடவுளே, என்னையக் கூப்பிடவே இல்லையே! மாப்பிள்ள என்னா வேல?"

"செத்துப்போன வேல."

"பேருதான் சீனி, வாயத் தொறந்தா பாவக்கா" என்றாள். பிளம் கொட்டையை உள்ளங்கையில் துப்பினாள். சிரிப்பு எங்கேயோ போய்விட்டது. "அண்ணே, எனக்குச் சாகப் பிடிக்கலண்ணே. அந்தம்மாகிட்ட இன்னொரு வாட்டி கேளுங்க. கோவப்படாம கேளுங்க."

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அதை அப்படியே சொன்னேன். அம்மா சோற்றைப் பிசைந்தபடி உட்கார்ந்திருந்தாள். பூசிங்குக்குப் போய்ப் பிரயோசனமில்லை, லகாட்டுக்குப் போகலாம் என்றாள். "கட்டிக்கிட்டவன் வீட்டுல போயிக் கேப்போம். அவங்க விட்டுக் குடுத்தா இவ ஏன் மாட்டேங்கப்போறா?"

"என்னான்னும்மா கேப்பே? செத்தவன்கிட்ட அத்து விடச் சொல்லிக் கேப்பியா?"

"ஆமா. நான் சொன்ன பொய்யிக்கு நான்தானே போவணும்?"

கடை முதலாளி தவுக்கேயிடம் வேனைக் கேட்டு வாங்கினேன். போகிற வழியில் பூசிங் அம்மாவையும் ஏற்றிக்கொண்டோம். மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியாமல் இதைப் பேசக்கூடாது என்று அவளுக்கும் பயம், அதனால் வந்தாள். பின் சீட்டில் இரண்டு பேரும் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

லகாட் அம்மா கடைத்தெருவில் மீ சூப் விற்கிறவள். வியாபாரம் முடிந்து இறால் தோல் உரித்துக்கொண்டிருந்தாள். நான் சொல்லச் சொல்ல அவள் கை நிற்கவே இல்லை. எல்லாம் சொல்லி முடித்த பிறகு கையைக் கழுவினாள். போட்டோ இருக்கிறதா என்று கேட்டாள். ஃபேக்டரியில் எடுத்த போட்டோவைக் கொடுத்தேன். முடி கொட்டுவதற்கு முன்னால் எடுத்தது. அவள் அதை வெளிச்சத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தாள்.

"உயிரோடு இருக்கிற பெண்ணை என் மகன் கேட்க மாட்டான். அவன் அப்படிப்பட்டவன் இல்லை. ஆனால் அவனிடமும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும்" என்றாள்.

மாடிப்படிக்குக் கீழே சின்ன மேடை. பையனுடைய படம். பள்ளிக்கூடச் சட்டை போட்டுக்கொண்டு, சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற முகம். பக்கத்தில் சிவப்புத் தாளில் யோக் மெய் என்று எழுதி ஒட்டியிருந்தது. என் தங்கைக்கு ஊதுபத்தி கொளுத்தி, ஆரஞ்சு வைத்திருந்தார்கள். அதைப் பார்த்ததும் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். லகாட் அம்மா மகனிடம் ஏதோ முணுமுணுத்துவிட்டு, பிறை மாதிரி இருக்கிற மரத்துண்டு இரண்டைத் தரையில் வீசினாள். ஒன்று கவிழ்ந்து ஒன்று நிமிர்ந்தால் சரி என்று அர்த்தம். இரண்டும் கவிழ்ந்தன. மறுபடி வீசினாள். மறுபடியும் கவிழ்ந்தன. பூசிங் அம்மா கதவுப் பக்கம் நகர்ந்தாள். எங்கள் அம்மா தரையில் மண்டியிட்டு அந்தப் படத்தைப் பார்த்து, "ஐயா, ராசா, விட்டுக் குடுப்பா" என்று தமிழில் கெஞ்சினாள்.

மூன்றாவது தடவை ஒன்று கவிழ்ந்தது, ஒன்று நிமிர்ந்தது.

"இவன் எப்போதும் இப்படித்தான்" என்றாள் லகாட் அம்மா. "எதைக் கேட்டாலும் மூன்றாவது தடவைதான் தருவான்." சிவப்புத் தாளை உரித்து எடுத்து வெளியே தகரத்தில் வைத்துக் கொளுத்தினாள். கொளுத்திவிட்டு உள்ளே போனவள் திரும்பி வரவில்லை. நாங்கள் சொல்லிக்கொள்ளாமலே வேனில் ஏறினோம்.

அடுத்த வாரமே ஆ கியோங்கும் அவன் தம்பியும் அக்காவும் கோலாலம்பூர் போய் ரத்தம் கொடுத்தார்கள். ஆ கியோங் ஒரு நாள் கடைக்கு வந்து, எந்த எலும்பில் எடுப்பார்கள் என்று கேட்டான். இடுப்பு எலும்பில் என்றேன். நல்ல காலம், அது உடையவில்லை என்றான். பூசிங் அம்மா ஆஸ்பத்திரிக்கு சூப் செய்து கொண்டுவர ஆரம்பித்தாள். நவமணிக்கும் அவளுக்கும் பேச ஒரு பாஷை கிடையாது, உடைந்த மலாய்தான். ஏன் என்னைக் கொடுத்தாய் என்று நவமணி கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. ஒரு பக்கம் அம்மா கஞ்சி, ஒரு பக்கம் அவள் சூப். "ரெண்டு பேரும் ஒரே நேரத்துல ஊட்டாதீங்க லா, எனக்கு ஒரு வாய்தான் இருக்கு" என்று இவள் சத்தம் போடுவாள். அந்த நாட்களில் எங்கள் எல்லாருக்கும் நம்பிக்கை இருந்தது. சும்மா சொல்லவில்லை, நிஜமாகவே இருந்தது.

மூன்று பேரில் ஒருவருடையதும் பொருந்தவில்லை.

கூடப்பிறந்தவர்களிலேயே நாலில் ஒருவருக்குத்தான் பொருந்தும், சில வீட்டில் ஒருவருக்கும் பொருந்தாது என்றார் டாக்டர். வெளியாட்களிடம் தேட முடியாதா என்று கேட்டேன். எங்கள் கடையில் எல்லாரும் தருகிறேன் என்கிறார்கள், கோயில் இளைஞர்கள் தருகிறேன் என்கிறார்கள், லாரிக்காரர்கள் இருக்கிறார்கள். இங்கிலாந்தில் அப்படித் தருகிறவர்களைப் பரிசோதித்துப் பதிந்து வைத்திருக்கிறார்கள், நம்மிடம் அப்படி இல்லை, ஆயிரக்கணக்கில் சோதித்தால்தான் ஒன்று சேரும் என்றார். அந்த டாக்டர் அம்மாவுக்கும் கண் கலங்கியிருந்தது. இந்த நாட்டில் இத்தனை லட்சம் பேர் நடக்கிறோம், ஓடுகிறோம், ஆளுக்கு ஒரு உடம்பு நிறைய எலும்பு. அதில் எவனோ ஒருவனுடையது என் தங்கைக்கு அளவெடுத்த மாதிரி இருந்திருக்கும். அவன் எங்கள் கடையிலேயே டயர் மாற்றிவிட்டுப் போயிருப்பான். அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இதற்கு யார் சட்டையைப் பிடிப்பது? எனக்குக் கோபப்பட்டுக் கோபப்பட்டு அலுத்துவிட்டது.

நவமணியிடம் நான்தான் சொன்னேன். சரிண்ணே என்றாள். வீட்டுக்குப் போகலாம் என்றாள்.

மழைக்காலத்தில் ஒரு காலை, அம்மா முகத்தைத் துடைத்துவிட்டுக்கொண்டிருக்கும்போதே போய்விட்டாள். லகாட்டுக்குப் போகும் ஒரு லாரிக்காரன் மூலமாக அங்கேயும் சொல்லி அனுப்பினேன். சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

சாவு வீட்டில் அதிகாரம் செய்ய எப்போதும் ஒரு ஆள் வந்துவிடும். எங்களுக்கு அம்மாவின் தம்பி பத்துமலை மாமா. பாரிட் புந்தாரிலிருந்து வந்து இறங்கியதிலிருந்து வாய் ஓயவில்லை. பூசிங் அம்மாவும் ஆ கியோங்கும் கூடாரத்தில் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். மாமா அவர்களைத் தாண்டிப் போகும்போதெல்லாம் முறைத்தார்.

"அக்கா, கன்னியாப் போற பிள்ள. அப்படியே தூக்கிட்டுப் போனா வீட்டையே சுத்திக்கிட்டு நிக்கும். வாழக்கன்னு வெட்டியாரச் சொல்லிட்டேன். அதுக்கு மஞ்சக் கயிறு கட்டி, முறையா அனுப்பிடலாம்" என்றார். எங்கள் ஆட்களில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. கல்யாணம் ஆகாமல் போனவளுக்கு வாழையைக் கட்டி வைத்து அனுப்புவது. அம்மா நவமணியின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

அப்போதுதான் வாசலைப் பார்த்தேன். சாலையோரம் சாக்கடைக்கு அந்தப் பக்கம், குடையை மடக்கிப் பிடித்துக்கொண்டு லகாட் அம்மா நின்றிருந்தாள். உள்ளே வரலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றிருந்தாள். அவளுக்கு இப்போது இங்கே எந்த உறவும் இல்லை. விட்டுக் கொடுத்தாயிற்று.

அம்மாவும் பார்த்துவிட்டாள். அவிழ்ந்த கூந்தலோடு எழுந்து வாசலுக்குப் போனாள். நானும் பின்னால் ஓடினேன்.

"சீனி, கேளுடா இவங்ககிட்ட. இவங்க மகன் பக்கத்துல இன்னும் எடம் இருக்கான்னு கேளு."

"என்னாம்மா பேசுற?"

"எம்பிள்ள அங்க போயி யாரடா தெரியும் அவளுக்கு? ஒங்கப்பன் இருக்கான்னா, அவன் அங்கயும் குடிச்சிட்டுத்தான் கிடப்பான். பாஷ தெரியாத எடத்துக்குப் போற மாதிரி தனியா போறாடா. அந்தப் பையன் நல்ல பையன். கேட்டதும் விட்டுக் குடுத்தான்ல. கேளு."

கேட்டேன். லகாட் அம்மா எங்கள் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். "இருக்கிறது" என்றாள். "அந்த இடத்தில் நான் வேறு எதையும் வைக்கவில்லை."

இதற்குள் மாமா வாழைக்கன்றைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். யார் இந்தச் சீனத்தி, நேரமாகுது, வழியில் நிற்காதீர்கள் என்று கத்தினார்.

"அதக் கீழ போடு தம்பி" என்றாள் அம்மா. "எம்மகளுக்குக் கல்யாணம் ஆயிடுச்சு."

மாமா வாயைப் பிளந்துகொண்டு நின்றார். அம்மா லகாட் அம்மாவின் கையைப் பிடித்துச் சாக்கடையைத் தாண்ட வைத்து, கூடாரத்துக்குள் கூட்டிக்கொண்டு வந்தாள்.

"சீனி, சும்மா நிக்காத. சம்பந்தி வந்திருக்காங்க, நாக்காலி எடுத்துப் போடு."